மிடில் கிராமத்து வாங்குகளும் வமிசாவளியும்

இங்கிலாந்தின் மேற்குப் புறத்தே, வேல்ஸ் நாட்டை அடுத்துள்ள ஷ்றொப்ஷயர்ப் பகுதியில், ஷ்றூஸ்பரி நகருக்கு வடக்கே ஏறக்குறைய எட்டு மைல் தொலைவில் மிடில் என்னுஞ் சிற்றூர் உளது. சரித்திர ஆசிரியர் விரித்தெழுதத்தக்க பெரும்போர் எதுவும் அங்கு நிகழ்ந்ததில்லை. எனினும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் குடியானவர்தம் வாழ்வை ஆராயப் புகுவோர் அவ்வூரை நாடாதிருத்தல் அரிது. அக்கோயிற்பற்றிலே 1635ஆம் ஆண்டிற் பிறந்த றிச்சாட் கொஃப் என்னுங் கமக்காரர், தம் முதுமையில், 1700ஆம் ஆண்டையடுத்து எழுதிவைத்த நூலே அதற்குக் காரணமாம்.

ஆங்கிலக் கோயிற்பற்றுக்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்பவற்றைப் பதியுமாறு 1538இல் தோமஸ் குறொம்வெல் கட்டளையிட்டார். அப்பதிவேடுகள் பெயரையும் நாளையும் தருவன; ஒருவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைத் தருவனவல்ல. அரச கட்டளைபெற்றுச் சென்ற மரபறிஞர் வரைந்த வமிசாவளிகளோ குலச்சின்னந் தரிக்கும் உரிமையுடைய பெருங்குடும்பங்களுக்கே உரியன. உழுது பிழைத்தவனுக்கும் கொல்லனுக்கும் வமிசாவளி எழுதுவார் இலர்.

கொஃப் கையாண்ட முறை வேறு. அவர் தேவாலயத்து வாங்குகளின் வரைபடமொன்றைத் தீட்டி, வாங்கு வாங்காக நூலை அமைத்தார். அக்காலத்தில் வாங்கின் உரிமை ஆளுக்கன்று, வீட்டுக்கே உரியது. முன்வரிசை செல்வர்க்கும், நடுவரிசை கமக்காரர்க்கும், பின்வரிசை குடிசைவாசிகளுக்குமாக இருந்தன. இவ்வுரிமைபற்றி வழக்குகள் எழுவதுண்டு. வழக்கைத் தீர்க்க வீட்டின் வரலாறு வேண்டும். வீட்டின் வரலாற்றுக்குத் தந்தை, மகன், மருமகன் என வழிவழி வந்தோர் வரலாறு வேண்டும். இருக்கைத் தகராறுக்கு விடைகாணப் புகுந்த முறை ஓரூர் முழுவதன் வமிசாவளியாக விரிந்தமை வியப்பே. வாங்கில் இடமுடைய எவரையும், நல்லரோ தீயரோ, விட்டுவிட இம்முறை இடந்தரவில்லை. தவறணையே கதியெனக் கிடந்த ஜூடித் டவுன்டன் என்பாளின் கடனுக்காக அவள் கணவன் ஒரே தடவையிற் பத்துப் பவுண் செலுத்தியதையும் கொஃப் மறைத்தாரல்லர். அயலவர் குறையை இத்துணை வெளிப்படையாக எழுதுதல் தகுமோ எனின், அதுவன்றி அந்நூலுக்கு உயிரில்லை என்க.

1642இல் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது கொஃப் ஏழு வயதுச் சிறுவர். மிடில் குன்றின்மேல், நிலத்தில் நாட்டிய ஈட்டிகளுக்கருகே நின்ற ஒருவன், அரசன் படையிற் சேர்வோர்க்கு வாரத்துக்குப் பதினான்கு குறோட்டு, அதாவது நாலு சிலிங் எட்டுப் பென்ஸ், கூலியென்று முழங்கியதை அவர் நினைவுகூர்கின்றார். மிடில், மார்ற்றன், நியூற்றன் என்னும் மூன்று குறிச்சிகளிலிருந்து இருபதுபேர் போயினர், பதின்மூவர் மாண்டனர். அவருள் ஒருவன் றிச்சாட் சலனர். முறைப்படி மணவாத பெற்றோருக்குப் பிறந்து, ஓரளவுக்குக் கோயிற்பற்றின் தருமத்தால் வளர்ந்த இவன், எட்ஜ்ஹில் போருக்குச் சென்றான். பின்னர் அவனைப்பற்றி ஊரார் எதுவுங் கேட்டிலர். எந்தப் பதிவேட்டில் அவன் அடக்கத்தைத் தேடுவது? கொஃப் எழுதிய சில வரிகளே அவனுக்குக் கல்லறையாயின.

அவன் தந்தையின் உடன்பிறந்தானாகிய கொல்லன் அலன் சலனரின் பட்டடையில் நிகழ்ந்ததொன்றும் குறிப்பிடத்தக்கது. அரசன் பக்கத்துக் குதிரைப்படை அதிகாரியான கொலின்ஸ் என்பான் அங்கே எதிரிகளாற் சுடப்பட்டு வீழ்ந்தான். கொல்லன் வீட்டினுட் கிடத்தப்பட்ட அவன் படுக்கை வேண்டினான். கொல்லன் மனைவி மார்கறெற், அவன் முன்னர்க் கண்டதையன்றித் தன்னிடம் வேறு படுக்கை இல்லை என்றாள். அதனை இகழ்ந்து வாயிலின் முன்னிருந்த குளத்தில் வீசியவன் அவனே. அவன் மன்னிப்பு வேண்ட, அவள் மன்னித்து, அப்படுக்கையையே அவனுக்கு விரித்தாள். அவனைப் பார்க்கச் சென்றவருள் சிறுவர் கொஃப்பும் ஒருவர்.

கொஃப் 1723இற் காலமானார். கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த நூலை 1834இல் சேர் தோமஸ் பிலிப்ஸ் முதன்முதல் அச்சேற்றினார். முதியவர் ஒருவரின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் இயல்பே. 1974இல் மிடில் பற்றித் தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்ட டேவிட் ஹேய், பதிவேடுகளையும் மரணசாதனங்களையும் நிலப் பத்திரங்களையும் கொஃப்பின் கூற்றுடன் ஒப்புநோக்கினார். பெரும்பாலும் முதியவரின் நினைவு பிழைக்கவில்லை.