நானோதுகள்களின் புரத மகுடம்

ரத்தத்தில் நுழையும் நானோதுகளின் மேல் நொடிகளுக்குள் ஒட்டிக்கொள்ளும் புரதப் படலமே புரத மகுடம். ஆய்வகத்தில் எத்தனை கவனமாகச் செய்த துகளானாலும், உடலின் செல்கள் முதலில் தொடுவது இந்தப் படலத்தைத்தான்.

நீலகிரியின் குந்தா வட்டத்துப் பிக்கட்டியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை உண்டு. அங்கே கொழுந்தாக வரும் சரக்கிலுள்ள பாலிஃபீனால்களுக்கு நானோ உலகிலும் வேலை இருக்கிறது. தங்க உப்பின் வெளிர்மஞ்சள் கரைசலில் தேயிலைச் சாற்றை விட்டால், அது ஒயின் சிவப்பாக மாறும். தங்க நானோதுகள்கள் உருவாகிவிட்டதற்கு அதுவே அடையாளம். கர்நாடகத்தில் பிறந்த கட்டேஷ் கட்டியின் குழு, அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் இம்முறையை 2009-இல் வெளியிட்டது. பாலிஃபீனால்கள் துகளுக்கு மேலுறையாகவும் நிற்கின்றன. எச்சில் புரதங்களைப் பிடித்து நாக்கில் துவர்ப்பை உண்டாக்குபவையும் இவையே. ரத்தப் புரதமான ஆல்புமினையும் இவை விடுவதில்லை.

ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. பாதிக்கு மேல் ஆல்புமின். நீர்வெறுப்பு விசை, மின்னேற்றம், வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு ஆகியவை புரதங்களைப் பரப்பில் நிறுத்துகின்றன. எண்ணிக்கையில் மிகுந்த ஆல்புமின் முதலில் துண்டு போட்டு இடம் பிடிக்கும். மெல்ல வந்தாலும் பிடிப்பு வலுவான ஃபைப்ரினோஜன், அபோலிப்போபுரதங்கள் போன்றவை பிறகு அதைக் கிளப்பிவிடும். இந்த இடமாற்றத்துக்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். 1960-களில் இதை ஆராய்ந்த லியோ வ்ரோமன் ரத்தவியலாளர். டச்சு மொழியில் பேர்பெற்ற கவிஞரும்கூட.

நானோதுகள்களுக்கு இந்தப் பார்வையைக் கொண்டுவந்தது செடர்வால், லின்ஸே, டாசன் குழுவின் 2007 ஆய்வு. மகுடத்தில் அழுத்தமாக ஒட்டிய உள்ளடுக்கு மணிக்கணக்கில் நிற்கும். வெளியடுக்கோ வருவதும் போவதுமாக இருக்கும். துகளைச் சுழற்றிப் பிரித்துக் கழுவும்போதே வெளியடுக்கு போய்விடுவதால், நிறைமாலை அளவிக்குப் பெரும்பாலும் உள்ளடுக்கே எஞ்சுகிறது. ஆய்வாளர்களின் தீராத தலைவலி இது.

விளைவு சாதாரணமல்ல. புற்றுச்செல்களைக் குறிவைக்க டிரான்ஸ்ஃபெரின் பூசிய துகள்கள், ரத்தச் சீரத்தில் இலக்கை அடையாளம் காணும் திறனை இழப்பதை டப்ளினில் அன்னா சல்வாட்டி குழு 2013-இல் காட்டியது. பூசிய மூலக்கூறையே மகுடம் மூடிவிட்டது. நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒட்டினால், கல்லீரலின் விழுங்கு செல்கள் துகளை வந்தவுடனே வாரிக்கொள்ளும். அதைத் தடுக்கவே 1995-இல் அமெரிக்க அனுமதி பெற்ற டாக்சில் மருந்துக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வை போர்த்தினார்கள்.

ஒட்டுவதையே உபாயமாக்கியதும் உண்டு. 2018-இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தின் கொழுப்புத் துகள், ரத்தத்தில் போர்வையை உதிர்த்து அபோலிப்போபுரதம்-ஈயை ஏற்றிக்கொள்கிறது. கல்லீரல் செல்கள் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு துகளை உள்ளே இழுக்கின்றன.