கரை சேர்ந்த கப்பல்கள்

சேலம், நாமக்கல் சீமைக்காரனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். எங்களுக்குக் கடல் என்றால் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை. கப்பல் என்றால் காவிரிப் பரிசல். ஆனாலும் ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்திய கூட்டம் எங்கள் சாலைகளில் கிழக்கே நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போவது வேளாங்கண்ணிக்கு. அந்தக் கோயிலின் கதையில் புயலில் சிக்கிய கப்பல் ஒன்று இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் மக்காவோவிலிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த போர்த்துகீசிய வணிகர்கள் வங்கக் கடலில் புயலில் அகப்பட்டார்களாம். கரை சேர்ந்தால் சேர்ந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். வேளாங்கண்ணியில் ஒதுங்கிய நாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாள். அங்கிருந்த கூரைக் கோயில் கல் கோயிலாயிற்று. பின்னாளில் அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் பீடத்தை அலங்கரித்தன. இவ்வளவும் கர்ண பரம்பரை. கப்பலின் பெயரோ தலைவன் பெயரோ அதில் இல்லை.

இதற்கு நேர்மாறானது பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரம். கி.பி. 60-ஐ ஒட்டிக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலின் கப்பல் பிரயாணம் அது. குளிர்காலம் நெருங்குகிறது, புறப்பட வேண்டாம் என்று பவுல் சொன்னார். கைதி பேச்சை யார் கேட்பார்கள்? கிரேத்தா தீவருகே வடகிழக்குப் பேய்க்காற்று பிடித்துக்கொண்டது. காற்றை எதிர்த்து நிற்க முடியாமல் கப்பலை அதன் போக்கிலே விட்டுவிட்டார்கள். வெள்ளத்தில் எங்கள் பரிசல்காரனும் அதைத்தான் செய்வான். சரக்கையும் தளவாடங்களையும் கடலில் எறிந்தார்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினாலாம் இரவு ஆழம் பார்த்தபோது இருபது பாகம். சற்றுத் தள்ளிப் பதினைந்து.

1848-இல் ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படிப்பட்ட கப்பல் நாளொன்றுக்குச் சுமார் 36 மைல் ஒதுங்கும். மால்டாவை அடையப் பதின்மூன்று நாள் சொச்சம் ஆகும். விருத்தாந்தமும் அதையேதான் சொல்கிறது!

ஆனால் கதை எழுதுகிற எனக்குக் கணக்கைவிட மனிதர்களே பெரிதாகத் தெரிகிறார்கள். மாலுமிகள் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். பவுல் எச்சரிக்க, சேவகர்கள் கயிற்றை அறுத்துப் படகைப் போகவிட்டார்கள். கப்பல் தரைதட்டியதும் அதே சேவகர்கள், கைதிகள் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சி அவர்களைக் கொல்ல நினைத்தார்கள். நூற்றுக்கு அதிபதி தடுத்தான். நீந்தியும் பலகையைப் பற்றியும் 276 பேரும் கரையேறினார்கள். புயலைக் காட்டிலும் பயம் அல்லவா அவர்களுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது?

இரண்டு கதைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டையும் சொன்னவர்கள் பிழைத்தவர்கள். மூழ்கியவன் கோயில் கட்டுவதில்லை, அதிகாரம் எழுதுவதில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது அதே வேளாங்கண்ணிக் கரையில் எத்தனையோ யாத்திரிகர்கள் மாண்டார்கள். அவர்களும் நேர்ந்துகொண்டு வந்தவர்கள்தானே! புயலின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம், கரை சேராத கப்பல்களுக்கும் சேர்த்து ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுப் படிப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.