முதுமையும் வாகனச் சாவியும்: ஒலுவில் துறைமுக வீதியில் எழுந்த நினைவுகள்

ஒலுவில் துறைமுகத்துக்குச் செல்லும் வீதியில் மாலை வேளைகளில் வாகனங்கள் அதிகம் இருப்பதில்லை. துறைமுகங்கள் அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவாகத் தோன்றி, டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அது. நுழைவாயிலை மணல் அடைத்துக்கொண்டதால் மீனவர் படகுகளே உள்ளே வரமுடியாது திண்டாடிய காலமும் உண்டு. அதைப் பற்றிப் பத்திரிகையில் நிறையவே எழுதியிருக்கிறேன். இன்று எழுதப்போவது வேறொரு விடயம்.

கடந்த மாதம் அவ்வீதியில் நான் வாகனம் ஓட்ட, என் மகன் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து அவதானித்துக்கொண்டு வந்தார். எழுபத்திரண்டு வயதில் நானாகவே கேட்டுக்கொண்ட பரீட்சை அது. அதன் காரணம் விளங்க வேண்டுமாயின் என் வாப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வாப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. வயலுக்கும், கல்முனைச் சந்தைக்கும், அட்டாளைச்சேனையில் இருந்த தன் கூட்டாளி வீட்டுக்கும் அதிலேதான் போவார். 2001ஆம் ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குச் சற்று முன்னர், கழியோடைப் பாலத்தருகே எதிரே வந்த லொறியின் வெளிச்சத்தில் கண் கூசி, சைக்கிளில் வந்த ஒரு பிள்ளையைத் தட்டிவிட்டார். அல்லாஹ்வின் கிருபையால் சிராய்ப்புக் காயங்களோடு போயிற்று. அன்றிரவே நான் சாவியை வாங்கிக்கொண்டேன். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

அன்று நான் செய்தது சரியென்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஆனால் சாவியை வாங்கிய நான், அதற்குப் பதிலாக அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. சந்தை நின்றது. கூட்டாளி வீடு நின்றது. மூன்று ஆண்டுகள் விறாந்தையில் இருந்தபடியே அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மகன், கால் இருக்கு, போக்குத்தான் இல்ல” என்று ஒருமுறை சொன்னார். அச்சொல் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், வாகனம் ஓட்டத் தொடங்கும் வயதைப் பற்றி அது ஆரம்பத்திலேயே சிந்தித்திருப்பது தெரியும். பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டுச் சட்டம் கார் ஓட்டுவதற்குக் குறைந்த வயது பதினேழு என்று விதித்தது. ஆனால் ஓட்டத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கட்டாயச் சாரதிப் பரீட்சை அங்கே 1935இல்தான் வந்தது. எமது நாட்டில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். வாப்பாவின் அனுமதிப்பத்திரத்தில் காலாவதித் திகதி என்று ஒன்று இருக்கவில்லை. இன்று இலகு வாகன அனுமதிப்பத்திரத்தை எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். நல்ல முன்னேற்றமே. ஆயினும் எட்டு ஆண்டு என்பது நாற்பது வயதில் ஒரு பொருட்டல்ல. எழுபதிலோ ஓராண்டுக்குள் கண் மாறிவிடக்கூடும்.

பிற நாடுகள் இதனைப் பலவாறு அணுகியுள்ளன. பிரித்தானியாவில் எழுபது வயதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோ அமைந்துள்ள ஒன்ராறியோவில் எண்பது வயதானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்வைப் பரிசோதனையும் வகுப்பும் உண்டு. 2014 முதல் அவ்வகுப்பில் கடிகாரம் ஒன்றை வரையச் சொல்லி, மூளையின் சுறுசுறுப்பையும் பார்க்கிறார்கள். எனினும் என் சிந்தனையைத் தூண்டியது ஜப்பான். 1998இலிருந்து அங்கே முதியோர் தாமாகவே அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்கலாம். அவ்வாறு ஒப்படைப்போருக்கு, அவர்களது சாரதி வாழ்வைச் சான்றுபடுத்தும் அட்டையொன்று கிடைக்கும். பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ், டாக்சிக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் எண்பத்தேழு வயது முதியவரின் கார் மோதி ஒரு தாயும் மகளும் இறந்த பின்னர், இவ்வாறு ஒப்படைப்போர் தொகை வெகுவாகக் கூடியது. சாவியை வாங்கும்போது கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும் என்பதை அந்நாடு விளங்கிக்கொண்டிருக்கிறது. நான் விளங்கிக்கொள்ளாதது அதைத்தான்.

எமது கரையோரத்தின் நிலை என்ன? மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் கிடையாது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் அனைத்தும் ஒரே பிரதான வீதியில் கோத்த மணிகள் போலக் கிடக்கின்றன. லொறியும் ஓட்டோவும் உழவு இயந்திரமும் பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிளும் அந்த ஒரே வீதியில்தான். நாட்டில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் 2012 கணக்கெடுப்பில் 7.9 சதவீதமாக இருந்து, 2024இல் 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளனர். வாப்பாவின் கதை இனி பல வீடுகளின் கதையாகும்.

வயது ஒரு குற்றமல்ல. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். வெளிச்சமான அறையில் எழுத்துகளைச் சரியாக வாசிப்பவருக்கும் அந்திநேரத்தில் கண் கூசலாம். இவற்றில் சிலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதிய சாரதிகளின் விபத்து வீதம், செய்துகொள்ளாதோரின் வீதத்தில் ஏறத்தாழப் பாதியே என்று அமெரிக்காவின் அலபாமாவில் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஆய்வொன்று கூறியது. வாப்பாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்று சொல்லவும் தோன்றவில்லை. ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

துறைமுக வீதியில் என்னைச் சோதித்த மகன், வீடு திரும்பியதும் மூன்று விடயங்களைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பின்னால் திருப்பும்போது கழுத்து முழுமையாகத் திரும்பவில்லை. பிரேக்கை மிதிப்பதில் சிறு தாமதம் இருக்கிறது. எதிர் வெளிச்சத்தில் தடுமாற்றம் தெரிகிறது. கேட்க மனம் கசந்தது உண்மை. ஆயினும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அஸர் தொழுகைக்குப் பின்னர் நான் பிரதான வீதியில் ஓட்டுவதில்லை. கண் பரிசோதனை ஆண்டுதோறும். வியாழக்கிழமை மாலைகளில் என்னைக் கல்முனைக்கு அழைத்துச் செல்வது அவர் பொறுப்பு. முழுவதும் விடவேண்டிய நாள் வரும்போது, எந்த ஓட்டோவில், எந்த நாட்களில், எங்கெங்கே போவேன் என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டோம்.

துறைமுகத்தின் வாயில் தூர்ந்துபோனால் மணலைத் தோண்டி வழியமைத்துத் தரும்படிதான் மீனவர்கள் கேட்டார்கள். துறைமுகத்தை மூடிவிடும்படி அவர்கள் கேட்கவில்லை. இதை வாசிக்கும் பிள்ளைகளிடம், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், என் வேண்டுகோள் ஒன்றுதான். பெற்றோரின் சாவியைக் கேட்பதற்கு முன்னர் ஒருநாள் அவர்களின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து பாருங்கள்.