ஏரிக்கரைக் காவல்

மழை பெய்தால் மகிழ்ந்து உறங்கும் ஊர்கள் உண்டு. மழை பெய்தால் விழித்திருக்கும் ஊர்களும் உண்டு. காட்டுமன்னார்கோயிலும் அதனை அடுத்த லால்பேட்டையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மேற்கே கடல்போல் விரிந்து கிடக்கிறது வீராணம் ஏரி. தெற்கே கொள்ளிடம். கிழக்கே சிதம்பரத்தைக் கடந்தால் வங்கக் கடல். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்தில் வயலும் வீடும் பள்ளிவாசலும் கோயிலும் மத்ரஸாவும் அமைந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இஷாத் தொழுகை முடித்து வெளியே வருவோர் ஒருவரையொருவர் முதலில் கேட்பது, "ஏரி எவ்வளவு நிற்கிறது?" என்பதுதான்.

இக்கேள்விக்கு ஆயிரம் ஆண்டு வயதுண்டு. ஆபத்து வருமுன் விழித்துக்கொள்ளும் கலையை இவ்வட்டாரம் எவ்வாறு கற்றது, இடையில் எவ்வாறு மறந்தது, மீண்டும் எவ்வாறு கற்று வருகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழர் வெட்டிய ஏரி

கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்றொரு விருதுப் பெயர் உண்டு. அப்பெயரால் அமைந்ததே வீரநாராயண ஏரி. மக்கள் நாவில் அது வீராணம் ஆயிற்று. பராந்தகனின் மகன் இராசாதித்தன், வடக்கேயிருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். போரில்லாத காலத்தில் அவன் தன் வீரர்களைக் கொண்டு இவ்வேரியை வெட்டுவித்தான் என்பர். அந்த இளவரசன் 949இல் தக்கோலப் போரில் மாண்டான். அவன் நடத்திய போரை மறந்தோர் பலர். ஏரியை மறந்தவர் எவருமில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில்தான் என்பதை வாசகர்கள் அறிவர்.

ஏரியை வெட்டுவது ஒருமுறை நிகழ்வது. அதைக் காப்பதோ ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய பணி. இவ்வுண்மையைப் பராந்தகன் காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். அவனுடைய 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச் சபையின் வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் குறிப்பிட்ட காலம் அப்பொறுப்பை வகிப்பர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரவியலாது. நீரைக் காப்பவன் நேர்மையுள்ளவனாக இருத்தல் வேண்டும் என்பது அன்றே விதியாக்கப்பட்டிருந்தது.

மாரிப் தரும் பாடம்

அரபு நாட்டு வரலாற்றைப் பயின்றோர்க்கு வீராணத்தைக் காணுந்தோறும் யமன் நாட்டு மாரிப் அணை நினைவுக்கு வரும். ஸபா மக்களின் வளத்துக்கெல்லாம் அவ்வணையே ஊற்று. அதன் இருமருங்கிலும் தோட்டங்கள் செழித்திருந்தன. அது உடைந்த செய்தியைத் திருக்குர்ஆன் ஸபா அத்தியாயத்தில் படிப்பினையாக எடுத்துரைக்கிறது. கி.பி. 548இல் அவ்வணை செப்பனிடப்பட்டதை அப்ரஹாவின் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் அந்நூற்றாண்டிலேயே அது மீளாதவாறு அழிந்தது. அணையை எலிகள் குடைந்தன என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அதனைக் கதையென்று ஒதுக்குவோர் ஒருமுறை வீராணத்துக் கரையில் நடந்து பார்க்கட்டும். பெரிய மண்கரை பேரலையால் மட்டும் உடைவதில்லை. ஒரு நண்டு வளை, ஓர் எலி வளை, அதன் வழியே கசியும் விரல் பருமன் நீர், அதைக் கண்டும் காணாதிருந்த ஒரு மனிதன் — இவை போதும்.

மக்கா நகரும் வெள்ளத்தை அறியும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், உம்மு நஹ்ஷல் வெள்ளம் எனப் பெயர்பெற்ற பெருவெள்ளம் ஹரம் ஷரீபினுள் புகுந்து, மகாமு இப்ராஹீமையே இடம்பெயரச் செய்தது. செய்தியறிந்த கலீபா மதீனாவிலிருந்து நேரில் வந்து, மகாமை அதன் இடத்தில் அமைத்ததோடு நின்றுவிடவில்லை. மேல் மக்காவில் வெள்ளத்தைத் திருப்பக் கரையும் எழுப்பினார்கள். ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது எகிப்திலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியம் வரவழைத்ததோடு, மக்களின் பசி தீரும்வரை தாம் நெய்யுண்பதைத் தவிர்த்தார்கள். நடந்ததைச் சீர்செய்வது ஒரு கடமை. மீண்டும் நடவாமல் தடுப்பது மற்றொரு கடமை. துன்பத்தில் பங்குகொள்வது மூன்றாம் கடமை. இன்று பேரிடர் மேலாண்மை என்று பேசப்படுவதன் சாரம் இம்மூன்றினுள் அடங்கிவிடுகிறது.

குடிமராமத்தும் சட்டமும்

சோழருக்குப் பின்னரும் ஏரி காக்கும் வழக்கம் குடிமராமத்து என்ற பெயரால் நிலைத்தது. கோடையில் வண்டல் எடுப்பதும், மழைக்குமுன் கரை உயர்த்துவதும், மழைக்காலத்தில் இரவுக்காவல் நிற்பதும் ஊராரின் பொது வேலைகளாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. ஏரி அரசின் உடைமை எனும் எண்ணம் வேரூன்றவே, ஊராரின் கை தளர்ந்தது. அரசின் கையோ எல்லா ஏரிகளுக்கும் எட்டவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கரை உடையும் நிலையில் ஊர்த் தலைவர் ஆட்களை அழைக்கலாம். வர மறுப்போர்க்குத் தண்டனை உண்டு. வந்தோர்க்குக் கூலி உண்டு. ஆயினும் அச்சட்டம் அழைத்தது உழைக்கும் வகுப்பாரை மட்டுமே. நிலமுடையவன் வீட்டிலிருக்க, நிலமற்றவன் நள்ளிரவில் இடுப்பளவு நீரில் நின்று மண் சுமந்தான். காவல் எல்லார்க்கும் பொதுவாயின் சுமையும் பொதுவாதல் வேண்டும் என்னும் நீதியை அது மறந்தது.

மறுபுறம், அந்த ஆட்சியில் நன்மையும் விளைந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் வீராணத்தை அடைகிறது. இன்றும் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இவ்வேரியை நம்பியுள்ளது. 2004ஆம் ஆண்டு முதல் சேத்தியாத்தோப்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னைப் பெருநகருக்கும் குடிநீர் செல்கிறது.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. ஏரி நிறைந்திருக்க வேண்டும் என உழவரும் விரும்புவர், சென்னை மக்களும் விரும்புவர். நிறைந்த ஏரியிலோ புதுவெள்ளத்திற்கு இடமில்லை. மேற்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் பெருமழை பெய்தால் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் சில மணி நேரத்தில் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அந்நிலையில் கரையைக் காக்க உபரிநீரைத் திறந்தேயாக வேண்டும். சேத்தியாத்தோப்புப் பக்கம் திறந்தால் வெள்ளாற்றில் சேரும். லால்பேட்டை மதகில் திறந்தால் வெள்ளியங்கால் ஓடை வழியே பாய்ந்து, திருநாரையூர், சிறகிழந்தநல்லூர் முதலிய ஊர்களின் வயல்களையும் வீடுகளையும் சூழும். ஏரியைக் காப்பதற்கே சில ஊர்கள் நனைய வேண்டியுள்ளது. ஆகவே எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பதைப்போலவே, எத்தனை மணி நேரத்திற்குமுன் சொல்லப்பட்டது என்பதும் உயிர்ப்பிரச்சினையாகிறது. சொன்ன பொழுதில் மாட்டை அவிழ்க்கலாம், நெல் மூட்டையைப் பரணில் ஏற்றலாம், முதியோரைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் செல்லலாம். சொல்லாவிடில் நீரே வந்து சொல்லும்.

கடல் தந்த அடி

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை, ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த மீனவர் குப்பங்கள் யாவும் கணப்பொழுதில் சிதைந்தன. பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகள் தம் பின்னிருந்த சில ஊர்களுக்குக் கேடயமாயின. அன்று வெளியூர் உதவி வந்து சேருமுன்னரே பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் களத்தில் இறங்கினர். மீனவ மக்களுக்கு உணவும் உடையும் தந்தனர், தங்க இடமளித்தனர், காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர், இறந்தோரை அடக்கம் செய்யத் தோள் கொடுத்தனர். வந்தவர் எம்மதத்தார் என்று கேட்கப்படவில்லை. ஜமாஅத் என்பது திருமணப் பதிவேட்டிற்கும் சந்தா வசூலுக்கும் மட்டும் உரியதன்று என்பதை அந்நாள் நாட்டுக்கு உணர்த்திற்று.

அவ்வடியின் விளைவாக, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. 2008இல் தமிழகத்தில் 108 அவசர ஊர்தி ஓடத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இரவும் பகலும் இயங்கும் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் அளிக்கப்பட்டது. தாழ்வான ஊர்களை முன்கூட்டியே கணக்கெடுத்தல், மணல் மூட்டைகளும் சவுக்குக் கட்டைகளும் சேர்த்து வைத்தல், பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் தங்குமிடங்களாகக் குறித்தல், ஊர்தோறும் முதல்நிலைப் பொறுப்பாளர்களைத் தெரிந்தெடுத்தல் ஆகியவை மழைக்கு முந்தைய கடமைகளாயின. பெயர் புதிது, ஏரி வாரியத்தின் வேலைதான் இது.

சோதனைகள் ஓயவில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி மாவட்டமே மிதந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகித் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி போன்ற ஊர்களைத் தீவுகளாக்கியது. நீர் மட்டுமன்று, நெருப்பும் சோதித்தது. 2020 செப்டம்பர் 4இல் காட்டுமன்னார்கோயிலை அடுத்த குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் பலர் மாண்டனர். கூலிக்குச் சென்ற அவர்கள் வீடு திரும்பவில்லை. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், வெடித்த பின்னரே வரும். வெடிக்காமல் தடுப்பது மேற்பார்வையும் விதியை மதிக்கும் மனமுமே.

நம் பங்கு

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மழையிரவில், உபரிநீர் திறக்கப்படுகிறது என்ற செய்தி ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. நாம் தொழும் பள்ளியின் ஒலிபெருக்கியில் அறிவிக்க முற்பட்டோம். மின்சாரம் இல்லை, மாற்று மின்கலம் பழுதாகிக் கிடந்தது, அறையின் சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. மாணவர் நால்வரைத் தெருத்தெருவாக அனுப்பிக் கதவைத் தட்டச் செய்தோம். கடைசித் தெருவைச் சென்றடைந்தபோது திண்ணையில் நீர் ஏறியிருந்தது. அங்கே நடக்கவியலாத மூதாட்டி ஒருவர் கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி வந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். அவன் காப்பாற்றினான் என்பதால் நம் கவனக்குறைவு குற்றமாகாமற் போய்விடாது. பல்லாண்டுகள் தவக்குலைப் பற்றிப் பாடம் நடத்திய நாம், ஒரு மின்கலத்தைச் சோதிக்க மறந்திருந்தோம். அந்த மூதாட்டி அன்றிரவு நம்மைப் பார்த்த பார்வை பல கிதாபுகளைவிட ஆழமாகப் பதிந்துவிட்டது.

யூசுப் நபி (அலை) அவர்கள் ஏழாண்டு வளத்தில் ஏழாண்டு வறட்சிக்குச் சேமிக்கச் செய்த வரலாற்றைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அது கதையன்று, ஆட்சிமுறை. முன்னெச்சரிக்கை இறைநம்பிக்கைக்குப் புறம்பானதன்று, அதன் ஒரு பகுதி.

எனவே ஒவ்வொரு மஹல்லாவும் புரட்டாசி பிறக்குமுன் சிலவற்றைச் செய்து முடித்தல் வேண்டும். தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கருவுற்ற தாய்மார் ஆகியோரின் பட்டியல் ஒன்று தெருவாரியாக இருக்கட்டும். அதில் நம் வீடுகளோடு அடுத்த தெருவின் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களும் இடம்பெறட்டும். ஒலிபெருக்கியின் மின்கலம் மாதமொருமுறை சோதிக்கப்படட்டும்; சாவி இருவரிடம் இருக்கட்டும். கயிறு, கைவிளக்கு, மண்வெட்டி, வெற்றுச் சாக்கு ஆகியவை பள்ளியின் ஓரறையில் கிடக்கட்டும். நீந்தத் தெரிந்த இளைஞரும், முதலுதவி பயின்ற பெண்டிரும் இன்னார் என்று தெரிந்திருக்கட்டும். கரையில் கசிவு கண்டால் யாரிடம் சொல்வது என்பதைச் சிறுவனும் அறிந்திருக்கட்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, பொறுப்புணர்ச்சி போதும்.

பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் நீக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று கைப்பேசியே அபாய ஒலி எழுப்புகிறது. எல்லாம் நன்றே. ஆயினும் எந்தக் கருவியும் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டாது. அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக வீராணத்தின் கரையைக் காத்துநின்றது மண் மட்டுமன்று. அதன்மேல் இரவில் விளக்கேந்தி நடந்த பெயர் தெரியாத மனிதர்களும்தாம். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அடுத்த ஐப்பசியில் நாமும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கரையேறுவோமாயின், அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.