டிப்ளோசோல்

மண்புழுக் குடலின் முதுகுப்புறச் சுவர் உள்நோக்கி மடிந்து, குடல் நெடுகத் தொங்கும் பகுதி டிப்ளோசோல். 'குருடு', 'குழல்' என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள் ஒட்டிப் பிறந்த பெயர் இது. உடற்கூறியலில் குருடு என்றால் வாய் திறவாதது, முட்டுச்சந்து போல நின்றுவிடுவது என்று பொருள்.

புழு விழுங்குவதில் பெரும்பகுதி வெறும் மண். அதில் கலந்திருக்கும் மக்கிய இலையும் நுண்ணுயிரும்தான் அதன் சாப்பாடு. சத்துக் குறைந்த இரையிலிருந்து கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள உறிஞ்சும் பரப்பு நிறைய வேண்டும். உடலின் நீளத்தைக் கூட்டாமலே அந்தப் பரப்பைத் தருகிறது இந்த மடிப்பு. உள்ளே இரத்த நாளங்கள் ஓடுகின்றன. ஐரோப்பிய மண்புழுவான லும்பிரிகஸில் மடிப்பின் உட்புறத்தைக் குளோரகோஜன் செல்கள் நிறைத்திருக்கும். கொழுப்பையும் கிளைக்கோஜனையும் சேமிக்கும் இவை, கல்லீரல் செய்யும் வேலைகளில் சிலவற்றைச் செய்கின்றன. நன்னீர் மட்டியின் குடலிலும் இதே பெயருடைய மடிப்பு உண்டு. சுறாவின் குடலில் காணும் திருகு மடிப்பு வேறு வகை. ஆனால் பயன் ஒன்றே.

இந்திய மாணவர்களுக்கு இச்சொல் பழகியதில் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. என். பாலுக்குப் பங்கு உண்டு. பெரிடிமா என்னும் மண்புழுவைப் பற்றி அவர் எழுதி 1926-ல் வந்த நூல் பல தலைமுறைகளுக்குப் பாடமாயிற்று. பெரிடிமாவில் மடிப்பு 26-ஆம் கண்டத்துக்கு (உடல் வளையத்துக்கு)ப் பிறகே தொடங்கும், அதுவும் அவ்வளவாக வளராத மடிப்பு. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் வடக்கத்திப் புழுவை விட்டுவிட்டு, நம் வயல்களில் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டியை எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. இதன் அரைவைப்பை 6-ஆம் கண்டத்தில் இருக்கிறது. 7-ஆம் கண்டத்தில் தொடங்கும் குடல் கடைசிக் கண்டம் வரை போகிறது என்கிறது அந்தப் பாடநூல்.

இத்தகைய சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியில் கொங்குநாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சி வட்டாரத்துக்காரர். ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியல் இதழ் கோவையிலிருந்து வந்தது. தமிழ்வழிப் பட்டப்படிப்பின் சோதனை முயற்சியும் 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் நடந்தது. 'அரைவைப்பை' போன்ற சொற்கள் வேலையைச் சொல்லும் பெயர்கள், அதனால் வேரூன்றின. டிப்ளோசோலைக் 'குடல் உள்மடிப்பு' என்று விளக்கினாலும் தேர்வுத்தாளில் ஒலிபெயர்ப்பே நின்றது. வகுப்பறைக்கு வெளியே யாரும் பேசாத பொருளுக்கு வேறு பெயர் தேட அவசரமும் இருக்கவில்லை.

வகுப்பறையிலும் அதை நேரில் கண்டவர்கள் குறைவு. மெழுகுத்தட்டில் புழுவைக் குண்டூசி குத்தி அறுக்கும்போது குடல் வரைதான் தெரியும். குடலையும் திறக்க வேண்டும். நடு முதுகில் கீறினால் மடிப்பே சிதைந்துபோகும், சற்றே ஒதுங்கிக் கீற வேண்டும். நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்ப்பதே எளிய வழி. விலங்குகளை அறுக்கும் செய்முறைகளை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் கூறிய பிறகு, படமும் கண்ணாடிச் சில்லும் மட்டுமே மிஞ்சின.

மடிப்பைத் தாண்டி, புழுவின் உழைப்பைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். டார்வின் மண்புழு பற்றி எழுதிய நூல் 1881-ல் வந்தது. பத்தாண்டு கழித்து வெளியான சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீய'த்தில் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பை வியக்கும் பகுதி இருக்கிறது. பேச்சில் நாக்குப்பூச்சி என்பதும் உண்டு. கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மண்புழு உரத்துக்குப் பரிந்துரைக்கும் இனங்களில் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸும் ஐசீனியாவும் பெரியோனிக்ஸும் அடங்கும். இவை மேல்மட்டக் கழிவில் வாழ்பவை. சாணமும் சருகும் நிரப்பிய தொட்டிக்கு ஏற்றவை. மண்ணைத் துளைத்து வாழும் லாம்பிட்டோ வயலுக்கு உரியது. மழைக்காலத்தில் வரப்போரத்தில் எச்சத்தைக் குவித்துவைக்கும். மண் காய்ந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால், கோடையில் பல்லடம், காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஓரடி தோண்டியும் புழு இல்லையென்று சொல்லிவிட முடியாது.