சேர்ந்ததுபோல் காட்டும் கனெக்டர்கள்

பழைய ஆஸிலாஸ்கோப்பையோ சிக்னல் ஜெனரேட்டரையோ எடைக்குப் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கெட்டுப் போச்சு" என்று சொல்பவர்கள் குறைவு. "ஒயர் சேரல, எங்கயும் கெடைக்கல" என்பதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கும், பிக்சர் டியூப் உயிரோடு இருக்கும். பின்னால் உள்ள மூன்று பின்னுக்கும் நம் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று ஓட்டைக்கும் உறவு இல்லை என்பதற்காக இருபது கிலோ கருவி தராசில் ஏறும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இந்தக் கருவிகளோடுதான் எனக்குப் பிழைப்பு. கருணாபுரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் இப்போது, இந்தச் சேராத வாய்களின் கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சேராத கனெக்டரால் வரும் நஷ்டம் நேரமும் பஸ் காசும்தான். சேர்ந்ததுபோல் காட்டும் கனெக்டர்தான் கருவியையும், சில சமயம் ஆளையும் பலி வாங்கும்.

முதலில் சுவரில் இருப்பதைப் பார்ப்போம். நாம் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று சொல்லும் உருண்டைப் பின் பிளக்குகள் வெள்ளைக்காரன் விட்டுப் போனவை. பிரிட்டனில் 1934-இல் வந்த பி.எஸ். 546 என்ற தரத்தின் வழியில் வந்தவை. அவர்களே 1947-இல் பி.எஸ். 1363 என்ற பட்டைப் பின் பிளக்குக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நாம் மாறவில்லை. பின்னாளில் 6, 16 ஆம்பியர் என்று பெயர் மாறியது; உருவம் ஏறக்குறைய அதேதான். மேலே இருக்கும் பெரிய பின் எர்த். மற்ற இரண்டையும் விட அது நீளம், ஏனென்றால் மாட்டும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். இந்த நீளப் பின்னைத்தான் நம் ஆட்கள் முதலில் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குக் கருவிகள் ஒரே திசையிலிருந்து வரவில்லை. ஐ.ஐ.டி.க்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க்கு 1958-இல் யுனெஸ்கோ வழியாக சோவியத் உதவி. சென்னைக்கு 1959-இல் மேற்கு ஜெர்மனி. கான்பூருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது சேர்ந்து 1962 முதல் பத்து வருடம். டெல்லிக்கு பிரிட்டன். நான்கு கூடம், நான்கு தேசம். அந்த நாடுகளில் வழக்கத்தில் இருந்த பிளக்குகளோ ஒன்றோடொன்று சேராதவை. உதவி ஒப்பந்தங்களைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன. வந்து இறங்கிய பெட்டியைப் பிரித்து, ஒயர் நுனியை வெட்டி, நம்ம ஊர் பிளக்கை மாட்டிய டெக்னீஷியன்களைப் பற்றி நான் ஒரு பக்கமும் படித்ததில்லை.

ஜெர்மன் பிளக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஷூக்கோ என்று பெயர். இரண்டு உருண்டைப் பின், கனம் 4.8 மி.மீ., இடைவெளி 19 மி.மீ. நம் 5 ஆம்பியர் பிளக்கின் கீழ்ப் பின்கள் சுமார் 5 மி.மீ., இடைவெளி முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. பார்த்தீர்களா? மூடி இல்லாத பழைய சாக்கெட்டில் ஷூக்கோ உள்ளே போய்விடும், கருவியும் ஓடும். ஆனால் ஷூக்கோவில் எர்த் என்பது பிளக்கின் விலாவில் உள்ள உலோகப் பட்டை. நம் சாக்கெட்டில் அது எதையும் தொடாது. எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கும். எர்த் மட்டும் இல்லை. சேரவே சேராத அமெரிக்கப் பட்டைப் பின்னை இதைவிட நல்லவன் என்பேன். குறைந்தபட்சம் அது "நான் வேறு" என்று சொல்லிவிடுகிறது.

அமெரிக்கக் கருவிக்கு வேறொரு கண்டம் உண்டு. அது 115 வோல்ட், 60 சைக்கிள் ஊரிலிருந்து வருவது. பல கருவிகளில் பின்னால் 115/230 என்று மாற்றும் சுவிட்சோ, உள்ளே டிரான்ஸ்பார்மரில் இணைப்பு மாற்றும் வசதியோ இருக்கும். அதைப் பார்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றி மாட்டினால், ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். 60 சைக்கிளுக்கென்றே செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடேறும் என்பதும் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் கருவியின் முதுகுப் பக்கம். முன்பக்கத்து வாய்கள் இன்னும் வேடிக்கை.

அவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரும் ராடாரும் பெற்ற பிள்ளைகள். 1930-களில் ஆம்ஃபினால் கம்பெனியைச் சேர்ந்த குவாக்கன்புஷ் செய்த கனெக்டருக்கு யு.எச்.எஃப். என்று பெயர். அந்தக் காலத்துக்கு அது உயர்ந்த அலைவரிசை. இன்றைய கணக்கில் சுமார் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. பெயர் பெரிது, வீச்சு சிறிது. அடுத்து பெல் ஆய்வுக்கூடத்தின் பால் நீல் 1940-களில் செய்த என் டைப். பிறகு, திருகாமல் கால் திருப்பில் பூட்டிக்கொள்ளும் பி.என்.சி. இந்த மூன்றெழுத்தைப் "பிரிட்டிஷ் நேவல் கனெக்டர்" என்று விரித்துச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள் இன்னும் உண்டு. அது கட்டுக்கதை. பேயனெட், நீல், கான்செல்மன் என்பதுதான் விரிவு. பின்னிரண்டும் மனிதர்களின் பெயர்கள்.

1946-இல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஆரம்பகால ஆஸிலாஸ்கோப்புகளில் யு.எச்.எஃப். வாய்தான் இருந்தது. 1950-களின் கடைசியை ஒட்டி பி.என்.சி.க்கு மாறினார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி பெட்டி, பத்து வருட இடைவெளியில் வாங்கிய இரண்டுக்கு இரண்டு வகை ஒயர். ஜெனரல் ரேடியோ கம்பெனி ஆண், பெண் என்ற பேதமே இல்லாத 874 என்ற கனெக்டரைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ரோடே ஷ்வார்ட்ஸும் அதே எண்ணத்தில் டெசிஃபிக்ஸ் என்று ஒன்று செய்தது. இரண்டும் பேதமற்றவை, ஆனால் ஒன்றோடொன்று சேராது! சோவியத் கருவிகளில் பார்வைக்கு பி.என்.சி. போலவே ஒரு வாய் இருக்கும். மெட்ரிக் அளவில் செய்தது. சில ஜோடி சேரும், சில பாதியில் இறுக்கிக்கொண்டு நிற்கும்.

இனி 50 ஓம், 75 ஓம் விவகாரம். வாய்க்காலில் அலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் திடீரென்று மாறும் இடத்தில் அலையில் ஒரு பங்கு திரும்பி வரும். கோமுகி வாய்க்காலில் ஷட்டரைப் பாதி இறக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒயருக்கும் அப்படி ஒரு அகலக் கணக்கு உண்டு. ரேடியோ, ராடார் உலகம் 50 ஓம் என்று வைத்துக்கொண்டது. டி.வி. உலகம் 75. பழைய ஜெர்மன் கருவிகளில் 60 என்றும் இருக்கும். 50 ஓம் ஜெனரேட்டரில் டயல் 1 வோல்ட் என்று காட்டும்போது 75 ஓம் பக்கம் மாட்டினால் அங்கே கிடைப்பது 1.2 வோல்ட். எதுவும் மாட்டாமல் நேராக ஆஸிலாஸ்கோப்பில் கொடுத்தால் 2 வோல்ட் காட்டும். கருவியில் பழுது எதுவும் இல்லை. 50, 75 இரண்டின் பி.என்.சி.யும் சுகமாகச் சேர்ந்துகொள்வதால் பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. ஒரு நாள் முழுக்க நல்ல கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

என் டைப்பில் இதே குழப்பம் கருவியையே கெடுக்கும். 50 ஓம் ஆண் கனெக்டரின் நடுப் பின் ஏறத்தாழ 1.6 மி.மீ. கனம். 75 ஓமில் அது 1 மி.மீ.க்கும் குறைவு. வெளித் திருகு இரண்டிலும் ஒன்றே. 75 ஓம் பெண் வாயில் 50 ஓம் ஆணை வைத்துத் திருகினால், உள்ளே இருக்கும் மெல்லிய விரல்கள் விரிந்து போகும். அதன் பிறகு சரியான ஒயரை மாட்டினாலும் தொட்டும் தொடாமலும்தான் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கனெக்டர் புத்தம் புதிதாக இருக்கும்.

எர்த் பின்னுக்கு வருகிறேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது; 1982-இல் கலர் வந்தது. அதன் பிறகு சிறிய ஊர்களிலும் டி.வி. மெக்கானிக்குகள் பெருகினார்கள். மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து பட்டையான 300 ஓம் ஒயர் இறங்கியதும், டி.வி.க்குப் பின்னால் சின்ன பலூன் டிரான்ஸ்பார்மர் தொங்கியதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெட்டிகள் பலவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சேஸிஸே கரண்டோடு நேராகத் தொடர்புடையது. கை வைத்தால் பிடிக்கும். ஆஸிலாஸ்கோப்பின் பி.என்.சி. வெளிவளையமோ எர்த்தோடு சேர்ந்தது. ஆக, புரோபின் கறுப்பு கிளிப்பை அந்தச் சேஸிஸில் மாட்டிய நொடியில் "டப்" என்று ஃபியூஸ் போகும், சில சமயம் டி.வி.யின் பாகமும் போகும்.

இதற்கு நம் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வைத்தியம், ஆஸிலாஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. டப் சத்தம் நின்றுவிடும், அலையும் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் இப்போது ஆஸிலாஸ்கோப்பின் முழு உலோகப் பெட்டியும் டி.வி. சேஸிஸின் மின்னழுத்தத்துக்கு வந்து நிற்கிறது. ஒரு கை அதன் குமிழில், மறு கை எர்த்தான இரும்பு மேசையில் என்றால் நடுவில் இருப்பது நெஞ்சு. செய்திருக்க வேண்டியது, டி.வி.யை 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டுவது. அது கனமானது, விலையும் உண்டு. வெட்டுவதற்கு ஒரு கட்டிங் பிளேயர் போதும். அப்படிப் பின் வெட்டிய பிளக்குகள் இன்றும் பழைய கருவிகளோடு கை மாறுகின்றன. வாங்குகிறவருக்கு ஏன் வெட்டினார்கள் என்றும் தெரியாது. "ரெண்டு பின் பிளக்தான் போல" என்று மாட்டிவிடுவார்.

பவர் ஒயர் குழப்பத்துக்கு ஓரளவு முடிவு 1970-இல் வந்தது. ஐ.இ.சி. 320 என்ற உலகத் தரம். இன்று கம்ப்யூட்டர் பவர் கார்டு என்று எந்தக் கடையிலும் கிடைக்கிறதே, அந்த வாய் இந்தக் குடும்பம்தான். கருவி எந்த நாடானாலும் பின்புற வாய் ஒன்று. சுவர்ப் பக்கத்து பிளக் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதற்கு முந்தைய 1960-களின் ஹெச்.பி. கருவிகளில் நீள்வட்ட வாயில் மூன்று உருண்டைப் பின்கள் இருக்கும். அந்த ஒயர் தொலைந்தால் பழைய சாமான் கடைகளைத்தான் சலிக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வாயையே கழற்றிவிட்டு ஐ.இ.சி. வாயைப் பொருத்தலாம். பழமை கெடுகிறது என்று சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எர்த் சரியாக இருக்கும் புது வாய், எர்த் இல்லாத பழைய வாயைவிட மேல் என்பது என் கட்சி.

இத்தனை சண்டைக்கு நடுவில் எல்லோரோடும் ஒத்துப்போனது ஒரே ஒன்று: 4 மி.மீ. வாழைப்பழ பிளக். 1920-களில் வந்தது. பிரிட்டிஷ், ஜெர்மன், அமெரிக்கன், நம் உள்ளூர் தயாரிப்பு எதுவானாலும் பெரும்பாலும் போய் உட்காரும். இரட்டை பிளக்கின் இடைவெளி அமெரிக்காவில் முக்கால் அங்குலம், ஐரோப்பாவில் 19 மி.மீ.; அந்த நூலளவு வித்தியாசத்தை ஸ்பிரிங் விழுங்கிவிடும். யு.எச்.எஃப். பெண் கனெக்டரின் நடுத் துளையில்கூட இது நுழையும். அவசரத்துக்கு எத்தனையோ பேர் அப்படி மாட்டி வேலையை முடித்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர் மெக்கேடி 1923-இல் கொண்டுவந்த ஆவோ மீட்டரின் வம்சத்தில் 1951-இல் வந்தது மாடல் 8. யாரிடமாவது பரணில் இருக்கிறதா? அதற்கு ஒயர் தேடுவதைவிடப் பெரிய பாடு, ஓம் அளக்கும் பக்கத்துக்கு உள்ளே வேண்டிய 15 வோல்ட் பேட்டரி. அது கடைகளில் இல்லை. 3 வோல்ட் வட்டச் செல் ஐந்தை வரிசையாக அடுக்கி, பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு வைத்தால் முள் நகரும்.