ஆயர்பாடியில் ஒரு நோன்புச் சமையல்

இல்லறத்தார் நோன்பு அடுக்களையில்தான் காக்கப்படுகிறது என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையே பழஞ்சான்று. மதுரைப் புறத்தே மாதரியிடம் அடைக்கலம் புகுந்த கோவலன் சாவக நோன்பி. பகலிலேயே உண்ணும் நெறியினன். ஆயரோ மாயோனைப் போற்றுவோர். ஆயினும், தம் வீட்டு உணவையே உண்ணுமாறு எவரும் அவனை வற்புறுத்தவில்லை. சமைக்கத் தக்க கலங்களும், பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி ஆகியவையும் ஆய்மகளிர் தந்தனர். கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்தாள். மாதரி மகள் ஐயை தீ மூட்டினாள். முதியவரின் இரவுண்ணா நோன்புக்காகப் பொழுது சாயுமுன் உலை வைக்கும் நம் வீட்டு மருமகளிர் இந்த ஐயையை அறிவர். வகுப்பறைகள்தாம் அவளை விரைந்து கடந்துவிடுகின்றன. வாழைக் குருத்திலையில் கோவலன் உண்ட அதுவே அவனுடைய இறுதி உணவு. அதிலும் நோன்பு குன்றவில்லை.